கற்பக மரங்களும் மின்கலங்களும்

(நம் அறக்கட்டளையின் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் என்னை அணுகி, "ஐயா, இவ்வாண்டு இலக்கியம் வேண்டா, வருங்காலப் பொருளாதாரம் பற்றிப் பேசுங்கள்" என்றனர். தமிழ் முதுகலை பயின்றவனிடம் பொருளாதாரத்தைக் கேட்பது, தச்சனிடம் சென்று தங்கத்தை உரைத்துப் பார்க்கச் சொல்வது போன்றது. ஆயினும், அவர்கள் தந்த தலைப்பில் இரண்டு சொற்கள் இருந்தன: மின்கலம், தானியங்கி. இவ்விரண்டையும் நம் சமண மரபு வேறு பெயர்களில் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியமையால் ஒப்புக்கொண்டேன்.

ஆதிபுராணமும், அதன் வழிவந்த நம் மணிப்பிரவாள நடை ஸ்ரீபுராணமும் கூறும் போகபூமியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். உழைப்பு இல்லை, உடைமை இல்லை, பத்து வகைக் கற்பக மரங்கள் வேண்டுவன அனைத்தும் ஈந்தன. உணவுக்கு ஒன்று, உடைக்கு ஒன்று, அணிகலனுக்கு ஒன்று, ஒளிக்கு ஒன்று. அவற்றுள் ஒளி தரும் மரங்களின் சோதி மங்கத் தொடங்கியபோதுதான் வானத்தில் ஞாயிறும் திங்களும் முதன்முதலாகக் கண்ணுக்குப் புலனாயின என்றும், மக்கள் அஞ்சி முதற் குலகரராகிய பிரதிசுருதியிடம் ஓடினர் என்றும் புராணம் சொல்கிறது. காலம் செல்லச் செல்ல ஏனைய மரங்களும் வற்றின. பசித்தவர் நாபி மகாராசனையும், பின்னர் அவர் மைந்தராகிய ரிஷபதேவரையும் அடைந்தனர். அவர் வாள், எழுத்து, உழவு, கல்வி, வணிகம், சிற்பம் என்னும் அறுதொழிலையும் கற்பித்தார். போகபூமி முடிந்து கருமபூமி பிறந்தது.

இக்கதையைப் புராணம் என்று நம்புவோர் நம்பட்டும். உருவகம் என்று கொள்வோர் கொள்ளட்டும். நான் இங்கே காண்பது ஒன்று. வேண்டிய பொருள் கையுழைப்பு இன்றிக் கிடைக்கும் உலகம் எப்படியிருக்கும், அது இல்லாமற் போனால் மனிதர் என்ன செய்வர் என்னும் கேள்வியை நம் முன்னோர் கேட்டிருக்கின்றனர். இன்று அறிவியலாளர் கேட்பது அதன் மறுதலை: கருமபூமியில் வாழும் நாம் கற்பக மரங்களை நாமே செய்துகொண்டால் என்ன ஆகும்? ஒளி மரம் மங்கியபின் தென்பட்ட அந்த ஞாயிற்றிடமே இன்று நாம் மீண்டும் கையேந்துகிறோம் என்பது எண்ணி மகிழத்தக்கது.

முதலில் மின்கலம். கலம் என்றால் ஏற்று வைக்கும் பாத்திரம்; மரக்கலமும் உண்கலமும் போல. மின்சாரத்தின் பெருங்குறை, அதனைப் பிறந்த கணத்திலேயே செலவிட்டாக வேண்டும் என்பது. நெல்லைக் குதிரில் கொட்டலாம். நீரை ஏரியில் தேக்கலாம். மின்சாரத்திற்குக் குதிரும் ஏரியும் எளிதில் வாய்க்கவில்லை. 1800ஆம் ஆண்டில் இத்தாலியர் வோல்டா முதல் மின்கல அடுக்கைக் காட்டினார். 1859இல் பிரெஞ்சுக்காரர் பிளாந்தே, மீண்டும் மீண்டும் ஏற்றத்தக்க ஈய-அமிலக் கலத்தை ஆக்கினார். நம் இல்லங்களில் இன்வெர்ட்டருக்கு அடியில் அமர்ந்து, மாதந்தோறும் காய்ச்சி வடித்த நீர் கேட்பது அந்தப் பிளாந்தேயின் வழித்தோன்றல்தான். ஒரு கிலோ எடையில் அது 30 முதல் 40 வாட்-மணி தாங்கும். அதாவது, மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட்டைச் சேமிக்க ஏறத்தாழ ஒரு சிப்பம் அரிசியின் எடைக்கு ஈயமும் அமிலமும் சுமக்க வேண்டும்.

லித்தியம் இதனை மாற்றிற்று. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனிக் கலத்தை வணிகத்திற்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட விட்டிங்காம், குடினஃப், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குடினஃப் அவர்களுக்கு அப்போது அகவை 97. ஓய்வுபெற்றோர் பலர் இங்கே அமர்ந்திருப்பதால் இச்செய்தியைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். ஒரு கிலோ லித்தியம் கலம் 150 முதல் 250 வாட்-மணி வரை தாங்குகிறது. விலையோ, 2010இல் ஒரு யூனிட் கொள்ளளவிற்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது. 2024இல் உலகச் சராசரி ஏறத்தாழ 115 டாலர். பதினான்கு ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு. நான் அறிந்தவரை வேறெந்தப் பண்டமும், கணினிச் சில்லும் சூரியத் தகடும் தவிர, இவ்வாறு விலை சரிந்ததில்லை.

115 டாலர் என்பது நம் பணத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய். இரும்புப் பாஸ்பேட் வகைக் கலம் நாலாயிரம் முறை நிரப்பி வடிக்கத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட்டை ஒருமுறை சேமித்துத் தரும் கூலி இரண்டரை ரூபாய். பெட்டி, இணைப்பு, வட்டி, இழப்பு யாவும் சேர்த்தால் கூடும். ஆயினும் கணக்கு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. நண்பகலில் மலிந்து கிடக்கும் சூரிய மின்சாரத்தை மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கேற்றும் வேளைக்கு நகர்த்தலாம். தென் ஆஸ்திரேலியாவில் 2017ஆம் ஆண்டின் இறுதியில் 100 மெகாவாட் மின்கல நிலையம் அமைந்தபோது உலகமே அதனை வியந்து நோக்கியது; சில ஆண்டுகளிலேயே கலிபோர்னியா மாநிலம் ஒன்று மட்டும் பத்தாயிரம் மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

நம் மாநிலம் இதனை அறியாததன்று. ஆனைமலைப் பகுதியில் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980களின் இறுதியிலிருந்தே இயங்குகிறது. மின்சாரம் மிகும் வேளையில் மேல் ஆழியாற்று நீரை மலைமேல் ஏற்றி வைத்து, தேவைப்படும் வேளையில் இறக்கி 400 மெகாவாட் வரை பெறுகின்றனர். அதுவும் ஒரு மின்கலந்தான். உள்ளே இருப்பது நீர், அவ்வளவே. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. முப்பந்தலில் ஆடி மாதம் சுழன்றடிக்கும் காற்றைச் சேமித்து மார்கழியில் செலவிட, இன்றைய எந்த மின்கலத்தாலும் கட்டுபடியாகாது. பகலை இரவுக்கு மாற்றலாம்; பருவத்தைப் பருவத்திற்கு மாற்றும் வித்தை இன்னும் வாய்க்கவில்லை.

இனி, தானியங்கி. சீவக சிந்தாமணியை இயற்றிய திருத்தக்கதேவர் நம்மவர். கட்டியங்காரனின் சூழ்ச்சி அறிந்த சச்சந்தன், தன் தேவி விசயை தப்புவதற்காக மயிற்பொறி ஒன்று செய்விக்கிறான். வலப்புறம் திருகினால் எழும்; இடப்புறம் திருகினால் இறங்கும். அது சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கிறான். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்த மயிலுக்கு எரிபொருள் எது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. இன்று எண்ணிப் பார்த்தால் அதுவே சரியான கேள்வி. பொறியைக் கற்பனை செய்வது எளிது. பொறிக்கு வேண்டிய ஆற்றலை அதன் வயிற்றிலேயே வைத்து அனுப்புவதுதான் அரிது. மின்கலமும் தானியங்கியும் ஒரே தலைப்பில் இணைவது இவ்விடத்தில்தான்.

தொழிற்சாலையில் தரையோடு பிணைத்த எந்திரம் கம்பியிலிருந்து மின்சாரம் பெறும். நடமாடும் எந்திரத்திற்குக் கம்பி உதவாது. கிடங்குகளில் அடுக்குகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் வண்டிகள், வயலுக்கு மேலே மருந்து தெளிக்கும் டிரோன், ஓட்டுநர் இன்றிச் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆளேற்றிச் செல்லும் மகிழுந்து, இவை யாவும் மின்கலத்தின் பிள்ளைகள். மலிவான கலமும் மலிவான கணினி அறிவும் ஒன்றுகூடும்போது, எந்திரம் தன் இடத்தை விட்டு எழுந்து நம்மிடம் வந்துவிடுகிறது.

வேறொரு தொடர்பும் உண்டு. சூரியன் உச்சியில் இருக்கும்போது மின்சாரம் மலிவு. அந்த வேளைக்கு ஏற்ப வேலை நேரத்தை மாற்று என்று மனிதரிடம் சொல்ல முடியாது, எந்திரத்திடம் சொல்லலாம். அதே வேளையில், பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய எந்திரம் இரவெல்லாம் சும்மா கிடந்தால் வட்டி அதனைத் தின்றுவிடும். ஆகவே அது இராப்பகலாக ஓடவேண்டும். ஓடுவதற்கு மின்கலம் வேண்டும்.

இதனால் நாட்டின் வருமானம் எவ்வளவு பெருகும்? ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு வளரும் நாடு இருமடங்காக ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகும். ஏழு விழுக்காடு வளர்ந்தால் ஏறத்தாழப் பத்தாண்டு போதும். ஆற்றலும் உழைப்பும் ஒருசேர மலிந்தால் இதுவரை காணாத வேகம் வரும் என்று ஒரு சாரார் எழுதுகின்றனர். மறுசாரார் தலையசைக்கின்றனர். அவர்களுக்கு முன்னோடி பாமல் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர். அவர் 1966இல் போவன் என்பாருடன் இணைந்து நிகழ்கலைகளின் பொருளாதாரத்தை ஆராய்ந்தார். ஆலை வேலை எவ்வளவு விரைந்தாலும் நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு வேண்டிய நேரம் குறையாது. ஆகவே விரைவுபடுத்த இயலாத பணிகளே காலப்போக்கில் செலவின் பெரும்பகுதியை விழுங்கும் என்பது அவர் முடிவு. நாதசுரக் கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் அருகில் அமர்வதும், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பதும் அவ்வகையினவே. என் அறிவுக்கு எட்டியவரை, பாமல் பக்கமே நியாயம் மிகுதி.

வரலாறும் அவசரத்திற்கு இடம் கொடுக்கவில்லை. எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் 1882இல் தொடங்கியது. 1900ஆம் ஆண்டில்கூட அமெரிக்க ஆலைகளின் எந்திர விசையில் மின்மோட்டார் அளித்தது ஐந்து விழுக்காட்டிற்கும் குறைவு. ஏன்? ஆலை முதலாளிகள் நீராவி எந்திரத்தை அகற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய மோட்டார் ஒன்றை வைத்து, பழைய தண்டுகளையும் வார்ப்பட்டைகளையும் அப்படியே ஓட்டினர். எந்திரத்திற்கு ஒரு மோட்டார் என்று பிரித்து, கட்டடத்தையே ஒரே தளமாகப் பரப்பி, பணிமுறையை மாற்றிய பிறகுதான், 1920களில், பயன் கொட்டியது. நாற்பது ஆண்டுகள்! புதுப்பொருளை வாங்குவது ஒரு நாள் வேலை. அதற்கேற்ப நம் வாழ்முறையை மாற்றி அடுக்குவது ஒரு தலைமுறை வேலை. பால் டேவிட் என்னும் பொருளியல் வரலாற்றறிஞர் 1990இல் இதனை விளக்கி எழுதினார்.

நம் ஊர்ப்புறத்திலும் இதனைப் பார்த்திருக்கிறோம். எம் இளமையில் கவலை ஓடிய கிணறுகளில் பம்புசெட் வந்தது. மாடு போயிற்று, கவலை ஓட்டியின் பாட்டும் போயிற்று. நெல்லும் மணிலாவும் கரும்புமாக நிலத்தின் போக்கே மாறிய பின்னரன்றோ பம்புசெட்டின் முழுப் பயன் தெரிந்தது! இன்றும் மும்முனை மின்சாரம் எந்த வேளையில் வரும் என்று காத்திருந்து, நள்ளிரவில் பாம்புக்கு அஞ்சி டார்ச் விளக்கோடு மோட்டார் போடச் செல்லும் உழவர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். பகலில் சூரியத் தகட்டால் நீர் இறைத்துத் தொட்டியில் தேக்கினால், அவருக்கு இரவு உறக்கம் கிடைக்கும். வளர்ச்சிக் கணக்கில் உறக்கத்திற்கு இடமில்லை. ஆனால் இந்த அவையில் உண்டு.

இனி, மனத்தை உறுத்தும் பகுதிக்கு வருகிறேன்.

பெருங்கதையில் கொங்குவேளிர் பாடிய உதயணன் கதையில், அவனைச் சிறைப்பிடிக்கப் பிரச்சோதனன் எந்திர யானை ஒன்றைக் காட்டில் விடுகிறான். பார்ப்பவர்க்கு யானை தானே நடப்பது போலிருக்கும். உள்ளேயோ வீரர்கள் ஒளிந்திருந்தனர். இன்றைய தானியங்கி என்னும் யானையின் வயிற்றுக்குள்ளும் ஆட்கள் ஒளிந்திருக்கின்றனர். உலகில் வெட்டியெடுக்கும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. பெருஞ்சுரங்கங்களோடு, கையால் தோண்டும் சிறு குழிகளும் அங்கே உண்டு. அக்குழிகளில் சிறுவர் வேலை செய்வதைப் பன்னாட்டு மனித உரிமை அமைப்புகள் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளன. சிலியின் அட்டகாமா பாலையில் லித்தியத்திற்காக உவர்நீரை இறைத்து வெயிலில் வற்றவிடுகின்றனர். மழையே அறியாத நிலத்தில் நீர் அவ்வாறு ஆவியாகிறது. ஈயக் கலங்களைக் கொல்லைப்புறத்தில் உருக்கிப் பிரிப்போரின் குழந்தைகளுக்கு இரத்தத்தில் ஈயம் ஏறுகிறது.

கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்டோர் இதற்கு என்ன விடை சொல்வது? நம் ஆசிரியர்கள் இம்சையை நால்வகையாகப் பிரித்தனர்: வேண்டுமென்றே செய்வது, இல்வாழ்வின் அன்றாடப் பணிகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தான் முதலாவதை முற்றும் விலக்கவேண்டும். ஏனையவற்றை இயன்றவரை சுருக்கவேண்டும். தொழில் செய்யாதே என்று ரிஷபதேவர் சொல்லவில்லை; தொழிலைக் கற்பித்தவரே அவர்தாம். ஆயினும் சாவகர்க்கு ஆகாத தொழில்கள் பதினைந்து என்று பின்வந்த ஆசான்கள் வகுத்தபோது, கரி சுடுதலையும் நிலம் அகழ்தலையும் எந்திரத்தால் பிழிதலையும் அவற்றுள் சேர்த்தனர். நெய்வேலியில் நிலம் அகழ்ந்து எரிப்பதும், அட்டகாமாவில் உவர்நீர் இறைப்பதும் இரண்டும் இம்சைதான். ஆனால் இரண்டும் ஒரே அளவினவா? நிலக்கரி ஒருமுறை எரிந்தால் புகை. நாளைக்கு மீண்டும் தோண்டவேண்டும். கலத்தில் உள்ள உலோகம் எரிவதில்லை. கலம் தேய்ந்த பின்னரும் அதனைப் பிரித்தெடுத்து மறுபடி ஆக்கலாம். பழைய கலங்களைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளர் பொறுப்பு என்று 2022இல் நம் நாட்டிலும் விதி வந்துள்ளது. கோபால்ட் இல்லாத இரும்புப் பாஸ்பேட் கலங்களே இன்று சீனத்து ஊர்திகளில் பெரும்பான்மை. சோடியம் கலங்களும் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. சோடியத்தின் தாய்ப்பொருள் கறியுப்பு. மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து செல்லும்போதெல்லாம் இதனை நினைத்துக்கொள்கிறேன். ஆகவே, நிலக்கரியை விட்டுக் கலத்திற்கு மாறுவது இம்சையைச் சுருக்கும் வழி என்றே நான் துணிகிறேன். முற்றும் நீக்கும் வழி என்று சொல்லமாட்டேன்.

ஆனால் சுருக்கியது மீண்டும் வீங்காதிருக்க வேண்டுமே! 1865இல் ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலேயர் நிலக்கரிச் சிக்கல் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்திரம் சிக்கனமானால் கரிச் செலவு குறையும் என்று எல்லாரும் எண்ணியிருக்க, சிக்கனத்தால் கரி மலிந்து, மலிவால் பயன்பாடு பெருகி, மொத்தச் செலவு கூடவே செய்யும் என்று காட்டினார். இதற்கு அவரிடம் மருந்தில்லை. நம்மிடம் உண்டு. போகப் பொருள்களுக்கு வரம்பு கட்டும் நோன்பும், உடைமைக்கு வரம்பு கட்டும் நோன்பும் எதற்கு? அருங்கலச்செப்புப் படித்தோர் அறிவர், பயனில்லாத் தீங்கை விலக்கும் நோன்பு ஒன்றும் நமக்கு உண்டு. காரணமின்றி நிலத்தைக் கிளறுவதும், நீரைச் சிந்துவதும், தீயை மூட்டுவதும் அந்நோன்புக்குக் குற்றம். ஆளில்லா அறையில் ஓடும் குளிர்சாதனத்தை இதில் சேர்க்க உரையாசிரியர் எவரும் தேவையில்லை.

அடுத்தது கூலி. 1930இல் கெயின்சு என்னும் பேரறிஞர், நூறாண்டுகளில் நம் பேரர்கள் வாரத்திற்குப் பதினைந்து மணி நேரமே உழைப்பர் என்று எழுதினார். அவர் குறித்த 2030 இதோ வந்துவிட்டது. பதினைந்து மணி நேரம் வரவில்லை. செல்வம் பெருகும் என்று அவர் சொன்னது பலித்தது. பெருகிய செல்வம் யாரிடம் சேரும் என்பதற்கு அவர் அதிகம் இடம் தரவில்லை. எந்திரம் உழைத்தால் கூலி எந்திரத்திற்கன்று, எந்திரத்தின் உடையவருக்கு. கற்பக மரத்திற்கு உடையவர் இல்லை. ஆகவே போகபூமியில் பகை இல்லை. நாம் செய்யும் கற்பக மரங்களுக்கோ பட்டா உண்டு, வேலி உண்டு.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கப்போவதன்று. ஆரணியின் அரிசி ஆலைகளுக்குச் சென்று பாருங்கள். வரிசையாக அமர்ந்து முறத்தால் புடைத்து, கல்லும் கருப்பும் பொறுக்கிய பெண்கள் இருந்த இடத்தில் இன்று நிறம் பிரிக்கும் எந்திரம் நிற்கிறது. ஒவ்வொரு அரிசியையும் கேமரா பார்க்கிறது. கருப்பு அரிசி வந்தால் ஒரு சிறு காற்று வீச்சு அதனைத் தள்ளிவிடுகிறது. அரிசி தூய்மையாயிற்று, உண்மை. அப்பெண்கள் எங்கே சென்றனர் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நம் வயல்களில் அறுவடை எந்திரம் ஒரு ஏக்கர் நெல்லை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறுத்து அடித்துக் கொட்டிவிடுகிறது. நடவுக்கும் எந்திரம் வந்துவிட்டது. ஆள் கிடைக்கவில்லை, ஆகவே எந்திரம் என்கிறோம். அதுவும் உண்மை, இளைஞர்கள் ஒரகடத்திற்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் சென்றுவிட்டனர். ஆனால் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் எங்கும் செல்லவில்லை. மூன்று தலைமுறையாக நம் நிலங்களில் நாற்று நட்ட கைகள் அவை. சமண உழவர் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் நிலைத்து நின்றது அக்கைகளால் என்பதை இம்மேடையில் சொல்வதற்கு நான் தயங்கவில்லை. எந்திரம் வாங்குவது குற்றமன்று. வாங்கிய நாளிலிருந்து அவர்கள் நமக்கு யாரோ ஆகிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே, அறங்காவலர் பெருமக்களின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். நிதிநிலை அறியாதவன் பேச்சு என்று தள்ளிவிடாதிருக்க வேண்டுகிறேன்.

முதலாவது எளிது. நம் திருமண மண்டபத்தின் கூரையில் சூரியத் தகடும், டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாக மின்கலமும் வைக்கவேண்டும். இதில் நமக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. பிறர் மண்டபங்களில் அடுப்பும் விளக்கும் ஒருசேர எரிவது இரவில். நாமோ பொழுது சாய்வதற்குள் பந்தியை முடிப்பவர்கள். மாவரைப்பதும் சமைப்பதும் நீரேற்றுவதும் பகலிலேயே முடிந்துவிடும். இரவுக்கு விளக்கும் விசிறியும் மட்டுமே. ஆதலால் சிறிய மின்கலமே போதும். இரவுண்ணா நோன்பு மின்கட்டணத்திலும் பயன் தரும் என்று நம் முன்னோர் எண்ணியிரார்!

இரண்டாவது, கல்வி உதவி நிதி. இதுவரை பொறியியல் பட்டப் படிப்புக்கும் மருத்துவத்திற்கும் மட்டுமே வழங்கி வருகிறோம். தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாலிடெக்னிக்கிலும் பயில்வோர்க்கும், குறிப்பாகப் பெண்களுக்கும் தரவேண்டும். கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் மின்சார இருசக்கர வண்டிகள் உருவாகின்றன. அவை பழுதுபட்டால் பிரித்துப் பார்த்து, எந்தக் கலம் தளர்ந்தது என்று அறிந்து மாற்றத் தெரிந்தவர் நம் வட்டாரத்தில் எத்தனை பேர்? மென்பொருள் எழுதுவதைக்கூடக் கணினி கற்றுக்கொண்டுவரும் இந்நாளில், கையும் கண்ணும் கூடிய தொழிலே நெடுநாள் நிற்கும் என்பது என் எண்ணம். கல்வி தானத்தின் வீச்சுக்கு ஒரு சான்று: 1948இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1953இல் அந்த ஆய்வகம் திறக்கப்பெற்றது. லித்தியம்-அயனிக் கலங்களை நம் நாட்டிலேயே செய்யும் தொழில்நுட்பத்தை வகுத்து, 2018இல் ஒரு நிறுவனத்திற்குக் கைமாற்ற உடன்பாடு கண்டதும் அதே ஆய்வகந்தான். கொடுத்த வள்ளல் 1957இலேயே மறைந்துவிட்டார். உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என நம் மரபு சொல்லும் நால்வகைத் தானத்துள் இது நூல் தானம். பயன் காண எழுபது ஆண்டு பொறுக்கும் தானம்.

மூன்றாவதுதான் விவாதத்திற்குரியது. நம்மில் நிலமுடையோர் தனித்தனியே நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வாடகைக்கு அமர்த்துகிறோம். பருவத்தில் அவை வெளி மாவட்டத்திலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் வருகின்றன. வாடகைப் பணமும் அவற்றோடு வெளியேறுகிறது. அறக்கட்டளை முன்பணம் தந்து, வேளாண் பொறியியல் துறையின் மானியத்தையும் கேட்டுப் பெற்று, இரண்டு நடவு எந்திரங்களும் ஒரு மருந்து தெளிக்கும் டிரோனும் வாங்கட்டும். அவற்றின் உடைமை, நம் வயல்களில் இதுவரை நட்ட பெண்களின் சுயஉதவிக் குழுவின் பெயரில் இருக்கட்டும். அவர்தம் மகளோ மருமகளோ ஓட்டக் கற்கட்டும். நாம் வாடகை கொடுத்து அமர்த்துவோம். முன்பணத்தை அவர்கள் ஐந்து ஆண்டில் திருப்பட்டும், வட்டியில்லாமல்.

"நம் சமூகத்திற்கென்று தொடங்கிய அறக்கட்டளை, பிறருக்கு எந்திரம் வாங்கித் தரலாமா?" என்று கேட்பீர்கள்; நேற்றே இருவர் கேட்டுவிட்டனர். ஆவணத்தைப் படித்துப் பார்த்தேன். "சமயப் பணிகளும் பொது நலப் பணிகளும்" என்றே நோக்கம் எழுதப்பட்டுள்ளது. எழுதியவர்கள் கவலை ஓட்டிய காலத்தவர். பொதுநலம் என்ற சொல்லை அவர்கள் ஆராயாமல் எழுதியிருக்கமாட்டார்கள் என்று ஒரு தமிழாசிரியன் சொல்லலாம் அல்லவா? மேற்கொண்டு வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். நடவு கார்த்திகையில் தொடங்குகிறது. பொதுக்குழு ஆவணியில் கூடுகிறது. மானிய விண்ணப்பத்திற்கு வேண்டிய நாள்களைக் கழித்தால், இடையில் இருப்பது குறைவு. பொதுக்குழு நிகழ்ச்சிநிரலில் இதனைச் சேர்க்கும்படி செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுத்துவிட்டே மேடை ஏறினேன்.